எடுக்காமல் விட்ட காட்சி

பிலோமி டீச்சரிடம் வேலாயுதப்பெருமாள் அண்ணாச்சி கேட்ட கேள்விகள் ஏராளம். அவற்றில் பாதிக்கு டீச்சர் வாயால் பதில் சொன்னதில்லை.

தூத்துக்குடியில் ஒரு மாவு மில்லின் மாடியில் டீச்சருக்கு எடிட்டிங் அறை. கீழே மில் ஓடினால் மேலே தரை அதிரும். காது கொடுத்துக் கேட்டு வெட்ட வேண்டிய வேலைகளை மில் நின்ற பிறகுதான் செய்ய முடியும். "மிளகாய் அரைக்கிற அன்னைக்கு சோகக் காட்சி வெட்டலாம், கண்ணீர் தானா வரும்" என்பார். சென்னையில் பல வருஷம் உதவி எடிட்டராக இருந்து, போதும் என்று ஊர் திரும்பியவர். படம் எடுக்க ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு வெட்டவும் ஒட்டவும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி டீச்சரைவிட மூத்தவர். தொலைபேசி அலுவலகத்தில் ஓய்வு பெற்ற பிறகு கேமராவைக் கையில் எடுத்தவர். சீடரின் பேரன் பள்ளிக்கூடம் போகிறான்; குருவுக்கு இன்னும் தலை சரியாக நரைக்கவில்லை. அவர் இவரை டீச்சர் என்பார், இவர் அவரை அண்ணாச்சி என்பார். இரண்டு மரியாதைக்கும் நடுவே பாடம் நடந்துகொண்டிருந்தது.

மாசி மாதம் ஒரு முற்பகலில் அண்ணாச்சி மாடி ஏறி வந்தார். உட்காராமலே கேட்டார்.

"டீச்சர், ஒரு சங்கம் உடையாம இருக்கணும்னா என்ன செய்யணும்?"

"எந்தச் சங்கம்?"

"நம்ம சங்கம்தான். வேற எதுக்கு நான் இப்படி மூச்சு வாங்கிட்டு மாடி ஏறப் போறேன்?"

டீச்சர் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார்.

"ஜெபக்கனி வர மாட்டேங்கா. யார் போன் பண்ணாலும் எடுக்க மாட்டேங்கா. அவளைப் பாத்து இன்னும் நாலு பேரு ஒதுங்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை இன்பராஜ் படம் போடணும். ஆளே வராது போலிருக்கு."

சங்கம் என்று அவர் சொன்னது தென்கடல் திரை நண்பர்கள் சங்கத்தை. அண்ணாச்சி அதைத் தொடங்கியதற்கு ஒரு காயம் காரணம். தன் முதல் குறும்படத்தைச் சென்னைக்குக் கொண்டுபோய் ஒரு பெரிய மனிதருக்குப் போட்டுக் காட்டினார். அந்த ஆள் படம் தொடங்கிய சற்று நேரத்தில் எழுந்து வெளியே போய், யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பவே இல்லை. காலி நாற்காலிக்கு முன்னால் படம் ஓடி முடிந்தது. ஊர் வரும்வரை அண்ணாச்சி ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த நிலை வரக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டார்.

சொன்னபடி செய்தார். அதில் குறையே சொல்ல முடியாது. யாராவது படம் எடுக்கிறார் என்றால் ஒருவர் லைட்டை பைக்கில் கட்டிக்கொண்டு வருவார். ஒருவர் தன் வீட்டையே காலி செய்து கொடுத்துவிட்டு மாமியார் வீட்டில் போய் இருப்பார். சாப்பாட்டுக்கு அண்ணாச்சி வீட்டு அடுப்பு எரியும். படம் ஓரளவு ஒட்டப்பட்டதும் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தி அறையில் எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்ப்பார்கள். முடிந்ததும் எடுத்தவருக்குப் பொன்னாடை. மாம்பழ மஞ்சளில் ஜரிகை ஓரம் வைத்த ஒரே ஒரு பொன்னாடைதான். போர்த்திக்கொண்டவர் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்து, அடுத்த படத்துக்குக் கொண்டுவர வேண்டும். அது ஊரில் ஏறாத தோள் இல்லை.

சங்கத்துக்கு ஒரே ஒரு விதி உண்டு. அண்ணாச்சி ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று சொல்வார்.

"குறை சொல்ல உலகமே இருக்கு. நாம நிறை மட்டும் சொல்லுவோம்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எல்லாரும் கை தட்டுவார்கள்.

இப்போது அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாம அவளுக்கு என்ன குறை வச்சோம் டீச்சர்? சொல்லுங்க. நான் என்ன செஞ்சா இந்தச் சங்கம் நிக்கும்?"

டீச்சர் கணினியைத் திறந்தார். ஜெபக்கனியின் படத்தை எடுத்து, நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தினார். எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.

"உக்காருங்க. இந்த ரெண்டு ஷாட்டையும் ஒட்டுங்க."

"இதை நீங்க எப்பவோ ஒட்டியாச்சே."

"ஒட்டலை அண்ணாச்சி. பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கேன். நீங்க ஒட்டுங்க."

படத்தின் கதை எளிது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு கிழவர். கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. கிழவரும் மருமகளும் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். அவளை வேறொருவன் கட்டிக்கொள்ளக் கேட்கிறான். முதல் ஷாட்டில் கிழவர் வாசலில் நின்று சொல்கிறார்: "இந்தப் படியைத் தாண்டினா நீ எனக்கு மருமக இல்லை." அடுத்த ஷாட்டில் அவரே அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏற்றிவிடப் போகிறார்.

கிழவராக நடித்தவர் பெயர் சுடலையாண்டி. நிஜமாகவே உப்பளத்துக்காரர். அதற்கு முன் கேமராவைப் பார்த்ததுகூட இல்லை. ஜெபக்கனி பள்ளி ஆண்டு விழாக்களுக்கு வீடியோ எடுக்கிற பெண். அவரை அளத்தில் கண்டுபிடித்து, மாமா மாமா என்று பின்னாலேயே அலைந்து நடிக்க வைத்தாள்.

அண்ணாச்சி வேலையைத் தொடங்கினார். முதலில் ஒரு டிசால்வ் போட்டுப் பார்த்தார். கோபக்காரக் கிழவர் மெல்லக் கரைந்து பெட்டி தூக்கும் கிழவராக ஆனார். மாயக் கிழவர் மாதிரி இருந்தது. அதை எடுத்தார். நடுவே காக்கை பறக்கிற ஷாட் ஒன்றை வைத்தார். பிறகு கடல். பிறகு கடலும் காக்கையும். அடியில் வயலின் போட்டார். வயலின் அழுதது, காட்சி அசையவில்லை.

கடைசியில் வேறொரு காட்சியிலிருந்து கிழவரின் முகத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்து நடுவில் வைத்தார். கிழவர் அண்ணாந்து பார்க்கிறார்.

"இது நல்லா இருக்கு டீச்சர். யோசிக்கிறாரு பாருங்க."

"மழை வருமான்னு பாக்காரு அண்ணாச்சி. மருமக ஞாபகமே அந்த முகத்துல இல்லை."

திரும்ப ஓட்டிப் பார்த்தார். உண்மைதான். மழையைத்தான் பார்த்தார்.

கீழே மில் நின்றது. சாப்பாட்டு நேரம். திடீரென்று அறை அமைதியானது.

"இங்கன ஒரு சீன் எடுத்திருக்கணும்" என்றார் அண்ணாச்சி. "அவரு மனசு எப்படி மாறுச்சுன்னு நமக்குத் தெரியணும்ல. மாமனும் மருமகளும் அளத்துல உக்காந்து ரெண்டு வார்த்தை பேசியிருந்தாக்கூடப் போதும்."

"எடுப்போம்."

"யாரை வச்சு டீச்சர்? அவருதான் கார்த்திகையில..."

அண்ணாச்சி பாதியில் நிறுத்திக்கொண்டார். சுடலையாண்டி கார்த்திகை மழையில் நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். சங்கத்திலிருந்து எல்லாரும் போய் மாலை போட்டார்கள்.

"இங்கன ஒரு சீன் இல்லைன்னு உங்களுக்கு எப்பத் தோணிச்சு?" என்று டீச்சர் கேட்டார்.

"இப்பத்தான்."

டீச்சர் அவரைப் பார்த்தார்.

அண்ணாச்சி பொய் சொல்லிப் பழகாதவர். கொஞ்ச நேரம் மேஜையின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே தோணிச்சு" என்றார். "மண்டபத்துல பாக்கும்போதே, இவரு எப்ப சம்மதிச்சாருன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட கேட்டேன். அவரு, எனக்கும் அதான் தெரியலைன்னாரு. படம் முடிஞ்சது. கை தட்டினோம்."

"பிறகு?"

"பிறகு அவ எந்திரிச்சு, ஏதாவது குறையுதான்னு கேட்டா. ஒண்ணும் குறையலைம்மான்னு நான்தான் முதல்ல சொன்னேன். எல்லாரும் சொன்னாங்க. பொன்னாடை போட்டோம்."

டீச்சர் கணினியில் அந்த இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவே ஒரு கறுப்புத் துண்டை வைத்தார். அதில் வெள்ளை எழுத்தில் 'இங்கே ஒரு காட்சி வேண்டும்' என்று இருந்தது.

"இது என்ன டீச்சர்?"

"அன்னைக்குக் காலையில வரைக்கும் படத்துல இது இருந்துச்சு. நான் வச்சது. ஜெபக்கனிக்கு ரெண்டு மனசு. வேணும்னும் தோணுது, வேண்டாம்னும் தோணுதுன்னா. கறுப்பை எடுத்துட்டுப் போடுவோம் டீச்சர், சங்கத்துல பாத்துச் சொல்லட்டும், குறையுதுன்னு ஒருத்தர் சொன்னாக்கூட மாமாவை வச்சு எடுத்திருதேன்னு சொன்னா. அப்போ புரட்டாசி. மழை இறங்கலை. அளத்துல உப்பு கிடந்துச்சு. மாமாவும் சும்மாதான் இருந்தாரு."

"அவரும் அன்னைக்கு மண்டபத்துக்கு வந்திருந்தாரே!"

"வந்திருந்தாரு. வெள்ளைச் சட்டை போட்டுட்டு முன்னால உக்காந்து கேசரி தின்னாரு."

அண்ணாச்சிக்கு எல்லாம் கண் முன்னால் வந்தது. பொன்னாடையோடு நின்ற ஜெபக்கனியிடம் அந்த மனிதர் போய்க் கேட்டதும் ஞாபகம் வந்தது. "இனி ஷூட்டிங் கிடையாதாம்மா?" என்று கேட்டார். நடிப்பு அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. "இல்லை மாமா, முடிஞ்சிட்டு. ஒண்ணும் குறையலைன்னு சொல்லிட்டாங்க" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். அவர் முகம் கொஞ்சம் வாடியது. அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார்.

தை மாதத்தில் சென்னையிலிருந்து ஒரு குழுவினர் ஜெபக்கனியைப் போனில் அழைத்தார்கள். வெளிநாட்டுப் பட விழாக்களுக்குப் படங்களைத் தேர்ந்து அனுப்புகிறவர்கள். படம் பிடித்திருக்கிறது என்றார்கள். கிழவர் பிரமாதம் என்றார்கள். அவர் மனசு எப்படி மாறியது என்று ஒரே ஒரு காட்சி மட்டும் எடுத்து அனுப்புங்கள், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவள் பழக்கத்தில் "சரிங்க சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதன் பிறகுதான் உட்கார்ந்து அழுதாளாம்.

அதற்குப் பிறகு அவள் வீடு வீடாகப் போனாள். அன்றைக்குப் படம் பார்த்தவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டாள். அண்ணாச்சியிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை. அவள் தேடி வருகிற நேரத்தில் வீட்டில் இல்லாதபடி அவர் பார்த்துக்கொண்டார்.

"ரீஷூட் பண்ணலாம்னு அவ நெனச்சிருந்தது எனக்குத் தெரியாது டீச்சர்" என்றார் அண்ணாச்சி. "தெரிஞ்சிருந்தா வாயைத் திறந்திருப்பேனே."

"அவதான் கேட்டாளே, அண்ணாச்சி."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, சீடர்கள் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டார்.

"நீங்களும் அங்கனதானே இருந்திய? நீங்களும் சொல்லலையே?"

கீழே மில் மறுபடி ஓடத் தொடங்கியது. டீச்சர் அது நிற்கட்டும் என்பதுபோலக் காத்திருந்தார். அது நிற்கவில்லை.

"சொல்லலை" என்றார். "அந்தப் பிள்ளை என் முகத்தைத்தான் பாத்தா. நான் உங்க முகத்தைப் பாத்தேன். நீங்க பொன்னாடையைப் பிரிச்சுக் கையில வச்சுக்கிட்டுச் சிரிச்சுட்டு நின்னிய. அவ்வளவு பேரு சந்தோஷத்துல நான் ஏன் மண்ணைப் போடணும்னு நெனச்சேன். சபை சொன்னா சரிதான்னுட்டேன்."

டீச்சர் அவரைவிட அதிகமாக வருந்தினார் என்றே சொல்ல வேண்டும். கறுப்பை வைத்தவரும் அவர், அதை எடுத்தவரும் அவர்.

"இப்ப நான் என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி.

"பொன்னாடை யார்கிட்ட இருக்கு?"

"ஜெபக்கனிகிட்ட. அவளுக்குத்தானே கடைசியாப் போட்டோம்."

"ஞாயித்துக்கிழமை இன்பராஜுக்கு வேணும்ல. போய் வாங்கிட்டு வாங்க."

"நானா? யாரையாவது அனுப்பலாமே."

டீச்சர் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அண்ணாச்சி ஜெபக்கனி வீட்டுக்குப் போனார். அவள் முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேமரா லென்ஸ் ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள். கோபத்திலும் மரியாதை குறையவில்லை.

"வாங்க அண்ணாச்சி. உக்காருங்க. டீ போடவா?"

"ஒண்ணும் வேண்டாம்மா."

அவள் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"அந்த இடத்துல ஒரு சீன் இல்லைன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"நீங்கதான் கடைசி. எல்லாரும் தெரிஞ்சுதுன்னுதான் சொன்னாங்க. ஒருத்தராவது, எனக்குத் தெரியலைம்மா, எனக்கு அவ்வளவு அறிவு கிடையாதுன்னு சொல்லியிருந்தா மனசு ஆறியிருக்கும்."

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்..."

"தெரியும். சென்னையில ஒரு ஆளு எந்திரிச்சுப் போனாருன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கிய. கேக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணு கலங்கும். இப்ப அந்த ஆளு தேவலைன்னு தோணுது அண்ணாச்சி. அவரு எந்திரிச்சுப் போனாரு. நீங்கள்ளாம் உக்காந்துக்கிட்டே போயிட்டிய."

அண்ணாச்சி வெறும் கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். ஆயிரம் பேர் முன்னால் அடி வாங்கியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"தப்புத்தான்" என்றார். "எப்படிச் சரி செய்யன்னு தெரியலை."

"சரி செய்ய முடியாது."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதுதான் அவரை அதிகம் உலுக்கியது. எழுந்தார். வந்த காரியம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. கேட்கவும் வெட்கமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை இன்பராஜ் படம் போடுதோம். அந்தப் பொன்னாடை..."

"அது இல்லை அண்ணாச்சி."

"தொலைஞ்சுட்டா?"

"மாமா மேல போட்டுட்டேன்."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை.

"அன்னைக்கு மண்டபத்துல இருந்து நானும் மாமாவும் ஒரே ஆட்டோவுலதான் வந்தோம். அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தாரு. ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுமாம்மான்னு கேட்டாரு. துவைச்சுக் கொண்டாறேன் மாமா, பெறவு போடுங்கன்னேன். துவைச்சேன். மழை பிடிச்சுக்கிட்டு. அந்தப் பக்கம் போக முடியலை. போகும்போது அவரை முத்தத்துல கிடத்தியிருந்தாங்க. போட்டுட்டேன். அவரோடயே போயிட்டு."

சங்கத்தில் எல்லாரும் மாலை போடப் போனபோது அந்த மனிதர் மேல் மஞ்சள் துணி ஒன்று கிடந்தது அண்ணாச்சிக்கு இப்போது நினைவு வந்தது. அதற்கு மேலேயே மாலையை வைத்துவிட்டு வந்திருந்தார். பார்த்தும் தெரியவில்லை.

வீட்டுக்குப் போக மனம் வராமல் கடற்கரைச் சாலையில் நடந்தார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். அண்ணாச்சிக்குப் பிடிக்க வால்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். ஜெபக்கனி வரவில்லை. இன்பராஜ் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவன். எல்லார் கல்யாணத்தையும் எடுத்துக்கொண்டிருந்ததில் தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவன். அவனுடைய அம்மா பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் படத்தில் நடித்தவர்கள்: ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தோமாஸ், மீன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள், இன்பராஜின் சித்தப்பா. தோமாஸ் காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டம் போட்ட புதுச் சட்டையில் வந்திருந்தார்.

டீச்சரும் அண்ணாச்சியும் கடைசி வரிசையில் இருந்தார்கள்.

"பொன்னாடை இல்லைன்னு யாருக்கும் தெரியாது டீச்சர்" என்று அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "கீழ ரோட்டுல ஜவுளிக்கடை திறந்திருக்கான். ஓடிப்போய்ப் புதுசா ஒண்ணு வாங்கியாந்திரட்டுமா?"

டீச்சர் விளக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார்.

படம் ஓடியது. இரண்டு நண்பர்களின் கதை. நல்ல சிரிப்பு இருந்தது. தொடக்கத்தில் ஒருவன் மற்றவனிடம், "பஸ் ஸ்டாண்டில நில்லு, இந்தா வந்திருதேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அந்த மற்றவன்தான் தோமாஸ். ஒரு மஞ்சள் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். போனவனுக்கு வேலை கிடைக்கிறது, காதல் வருகிறது, சண்டை வருகிறது, கல்யாணம் நடக்கிறது. பஸ் ஸ்டாண்டில் நின்றவரைப் படம் மறந்துவிட்டது. அவர் என்ன ஆனார், வீட்டுக்குப் போனாரா, இன்னும் அங்கேதான் நிற்கிறாரா என்று யாருக்கும் தெரியாமலே படம் முடிந்தது.

அண்ணாச்சி இருட்டில் டீச்சர் பக்கம் திரும்பினார். டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு எரிந்தது. கைதட்டல் கிளம்பியது. இன்பராஜ் எழுந்து முன்னால் வந்து நின்றான். வியர்த்திருந்தது. சிரிப்பை அடக்கத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"ஏதாவது குறையுதா?" என்று அவன் கேட்டான்.

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தன. வழக்கப்படி அவர்தான் முதலில் சொல்ல வேண்டும். அவருடைய கைகள் பொன்னாடையைத் தேடுவதுபோல மடியில் துழாவின. அங்கே ஒன்றும் இல்லை.

அவர் டீச்சர் பக்கம் குனிந்தார்.

"அவ்வளவு ஆசையா நிக்கான் டீச்சர். பெத்தவ வேற உக்காந்திருக்கா. இத்தனை பேரு முன்னால எப்படிச் சொல்ல? ரெண்டு நாள் போகட்டும். இல்லை, நல்ல நாளாப் பாத்து வீட்டுல வச்சுப் பக்குவமாச் சொல்லுதேன். எப்பச் சொன்னா நல்லாருக்கும், நீங்களே சொல்லுங்க."

டீச்சர் முன்வரிசையைக் கையால் காட்டினார். தோமாஸ் புதுச் சட்டையின் காலரைச் சரிசெய்தபடி, இன்னும் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடிச்சவங்க எல்லாரும் உயிரோட வந்து உக்காந்திருக்காங்கள்ல, அண்ணாச்சி."